பேனரில் இல்லாத முகம்

அக்கா,

நேற்று மாலை வில்லியனூர் மார்க்கெட்டில் பஸ் மாற இறங்கினேன். பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள். ரோட்டோரம் முழுக்க மஞ்சள் கொத்துகளைக் குவித்து வைத்திருந்தார்கள். வேரில் ஈர மண் ஒட்டியிருந்த பச்சை மஞ்சளின் வாசனை பஸ் புகையையும் மீறி வந்தது. என் கை தானாகவே இரண்டு கொத்தைத் தூக்கி, கிழங்கு திரண்டிருக்கிறதா என்று பார்த்தது. கடை போட்டிருந்த அம்மா சிரித்தாள்.

"ஜோடியாவே எட்த்துக்க சார். அக்காவுக்கா, தங்கச்சிக்கா?"

"அக்காவுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு எப்படித் திருத்துவது? வாங்கிக்கொண்டு வந்தேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இந்த வருஷம் உன் வீட்டில் பொங்கல் கிடையாது. பொங்கல் இல்லாத வீட்டுக்கு வரிசையும் கிடையாது. என் மனைவி வாசலில் நின்று கொத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் இந்த மேசையில் வந்து உட்கார்ந்தேன்.

சின்ன வயதில் எனக்குக் கோபம் வந்தால் சாப்பிடமாட்டேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன். அம்மா வந்து கெஞ்சுவாள். அப்பா, "பசிச்சா வருவான், வுடு" என்பார். நீ மட்டும் தட்டோடு வருவாய். எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கு வைத்த சோற்றை நீ பிசைந்து சாப்பிட ஆரம்பிப்பாய்.

"இன்னாடா, சாமி இன்னும் மலையேறலையா?"

"அது என் தட்டு."

"உன்னுதா? வேணாம்னு சொன்னவனுக்கு ஏதுடா தட்டு? கத்திரிக்கா சூப்பரா வந்துக்குது இன்னிக்கு."

தட்டு பாதி காலியாவதற்குள் நான் பிடுங்கிக்கொள்வேன். ஒருநாள் அப்படிப் பிடுங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "உன் கோவத்துக்கு எதிர்ல ஒரு ஆள் உக்காரணும்டா. யாரும் பாக்கலன்னா அது அஞ்சு நிமிஷம் நிக்காது." என்னைவிட இரண்டே வயது பெரியவள். அப்போது உனக்குப் பன்னிரண்டு இருக்கும்.

நீ சொன்னது ஒரு விஷயத்தில் தவறாகப் போயிற்று. யாரும் பார்க்காமலே என் கோபம் ஒன்பது வருஷம் நின்றது.

அந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். கயலின் மஞ்சள் நீராட்டு விழா. உன் ஒரே மகளுக்கு நான் ஒரே தாய்மாமன். பாகூரிலிருந்து இருபத்தொரு சீர்த்தட்டோடு வேன் வைத்துக்கொண்டு, நம் ஊர்ச் சொந்தக்காரர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஏம்பலம் வழியாக வந்தோம். நான் பட்டு வேட்டி கட்டியிருந்தேன். வில்லியனூர் மண்டபத்து வாசலில் மேளக்காரர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வேனிலிருந்து இறங்கி நிமிர்ந்தால், மண்டபத்து உயரத்துக்கு ஒரு பேனர். நடுவில் கயல். சுற்றிலும் முகங்கள். மாமாவின் அண்ணன் தம்பிகள், கம்பெனி நண்பர்கள், கூலிங்கிளாஸ் போட்ட யாரோ நாலு பேர், செல்போனைக் காதில் வைத்தபடி ஒருவர். கயலுக்கு வலது பக்கத்தில், தாய்மாமன் இருக்கவேண்டிய இடத்தில், தோகை விரித்த மயில் ஒன்று இருந்தது.

நான் எங்கேயும் இல்லை.

பெரியப்பா மகன் எனக்குப் பின்னால் இறங்கினான். அவன் வாய் உனக்குத் தெரியும். "இன்னா வாத்தியாரே, உன்னக் காணோம்? மயிலுதான் மாமனா?" என்றான். தட்டு தூக்கி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேளக்காரர்கூடச் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

சீரைக் கொண்டுபோய் வைத்தேன். கயலுக்கு மாலை போட்டேன். முறையில் எதையும் குறைக்கவில்லை, அதில் நான் கெட்டிக்காரன். பந்தியில் முதல் வரிசையில் எங்களை உட்காரவைத்து இலை போட்டார்கள். உப்பு வைத்து, இனிப்பு வைத்துக்கொண்டு வரும்போது நான் எழுந்தேன். நான் எழுந்ததால் நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தாய்மாமன் வீட்டார் கை நனைக்காமல் போகிறார்கள் என்று மண்டபமே திரும்பிப் பார்த்தது. நீ அந்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையோடு வேன்வரைக்கும் ஓடிவந்தாய்.

"டேய், எங்கடா போற? ஒரு வாய் சாப்ட்டுப் போடா. சபையில தலை குனிய வச்சுடாதடா."

"எங்க தலைதான் பேனர்லயே இல்லையே. குனிஞ்சா இன்னா, நிமிந்தா இன்னா?"

அந்தப் பதில் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. எத்தனையோ வருஷம் அதைத் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

நீ என்னவோ சொல்ல வாயைத் திறந்தாய். என் மனைவி நின்றிருந்தாள், பெரியப்பா மகன் நின்றிருந்தான், வேன் டிரைவர் நின்றிருந்தார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தாய். வாயை மூடிக்கொண்டாய். வேன் கதவில் கையை வைத்து, "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னாய்.

நீ அப்போது சொல்ல வந்தது என்ன என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது ஒருவன்தான் மிச்சம். விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் எனக்குப் போன் செய்தாய்.

"டேய், நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புடா. பாப்பா பக்கத்துலயே பெருசா தாய்மாமன்னு போடணும்."

"எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வேணாம். பிள்ளைங்களுக்கு ஃபிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிறவன் நான். ரோட்டுல தொங்கச் சொல்றியா?"

"தாய்மாமன் இல்லாம ஒரு பேனரா? நல்லாவாடா இருக்கும்?"

"வேணாம்னா வேணாம். போட்டீங்கன்னா நான் விழாவுக்கே வரமாட்டேன்."

"சரிடா சாமி. போடல."

நான்தான் வேண்டாம் என்றேன், அக்கா. நீ இன்னொரு தடவை கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். நம் வீட்டில் முதல் "வேண்டாம்" என்பதை யாரும் வேண்டாமாக எடுத்துக்கொள்வதில்லையே. இரண்டாம் முறை சோறு போடும்போது இலையைக் கையால் மறைப்போம், மறைத்த கைக்கு மேலேயே போடுவார்கள். அது மாதிரி நீ என்னை மீறிப் போடுவாய், நான் பேனருக்குக் கீழே நின்று, "சொன்னா கேக்கமாட்டாங்க" என்று நாலு பேரிடம் சலித்துக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த ஒரு தடவை நீ என் பேச்சை மதித்துவிட்டாய். மதித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கொஞ்ச நாளில் எனக்கே அந்தப் போன் மறந்த மாதிரி ஆகிவிட்டது. குற்றம் முழுவதையும் மாமாமேல் வைத்தேன். அவர் வீட்டு ஆட்கள் முகமெல்லாம் இருக்கிறது, என் முகம் இல்லை, அவர்தான் காரணம். அவராக வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு உன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. ஆனால் பொங்கல் வரிசை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. நம் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலையிடம் கொடுத்து அனுப்பினேன். கரும்பு, மஞ்சள், பச்சரிசி, வெல்லம், புடவை எல்லாம் அவன் பைக்கில் கட்டிக்கொண்டு ஒதியம்பட்டில் உன் வீட்டுக்குப் போவான். யாரும் என்னைக் குறை சொல்லிவிடக் கூடாது. திரும்பி வரும்போது உன் வார்த்தை ஏதாவது கொண்டுவருவான். முதல் வருஷம், "இன்னா, உங்க வாத்தியாருக்குக் கால் வலியான்னு கேட்டாங்க" என்றான். இன்னொரு வருஷம், சொல்லவே அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கரும்பு போன வருஷத்தவிட நீளமா இருக்குதாம். கோவமும் நீண்டுக்கிட்டுதான் போவுதான்னு கேட்டாங்க சார்." நான் சிரிக்கவில்லை. அவனையும் முறைத்தேன்.

அந்த ஒன்பது வருஷம் எனக்குள் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் போனேன், வந்தேன். உள்ளே மட்டும் ஒரு கோர்ட் நடந்துகொண்டே இருந்தது. குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, பாடம் நடத்தி முடித்துக் கரும்பலகையைத் துடைக்கும்போதுகூட. மாமா கூண்டில் நிற்பார். நான் கேட்பேன், அவருக்குப் பதில் வராது. தினமும் வழக்கு நடக்கும், தினமும் நான்தான் ஜெயிப்பேன். ஜெயித்தவனுக்கு ஒருநாளாவது நிம்மதி வந்ததா என்றால் இல்லை. போகப் போகக் கூண்டில் ஆட்கள் கூடினார்கள். என்னைத் தாண்டித் தலைமையாசிரியர் ஆனவர், கல்யாணப் பத்திரிகையைக் கடைத்தெருவில் வைத்துக் கொடுத்தவர், வணக்கம் சொல்லாமல் போன பழைய மாணவன். என் மகனுக்கு அவன் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். எனக்கு முதலில் தோன்றியது, இது ஏழுமலை மூலம் ஒதியம்பட்டுக்குத் தெரியவேண்டும் என்பதுதான். பிள்ளையின் சந்தோஷம்கூட எனக்கு உன் வீட்டுப் பக்கம் எறிவதற்கு ஒரு கல்லாகத்தான் பயன்பட்டது.

போன பொங்கலுக்கு ஏழுமலை சிரிக்காமல் வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"அக்கா ரொம்ப எளைச்சுட்டாங்க சார். தலையில முடி இல்ல, துணி கட்டிக்கிறாங்க. பெரிய ஆஸ்பத்திரில நாலு மாசமா பாக்கறாங்களாம்."

"என்ன சொன்னா?"

"கோவம் தீந்து வர வேணாமாம். கோவத்தோடவே ஒருவாட்டி வந்துட்டுப் போவச் சொன்னாங்க."

இதைக் கேட்டும் நான் கிளம்பவில்லை. நாலு மாதமாக நடக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மாமாமேல் புதிதாக ஒரு வழக்குப் போட்டேன். என் மனைவி, "நாளைக்கே போலாங்க" என்றாள். "மாமா ஒரு போன் பண்ணட்டும், போறேன்" என்றேன். அவள் சத்தமே இல்லாமல் சொன்னாள்: "சாவு சேதிக்குத்தான் போன் வரும். பாத்துக்குங்க." அவள் இரண்டு முறை தனியாக வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனாள் என்று எனக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்தும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வில்லியனூர்ப் பெரிய கோயிலுக்கு வந்தேன். உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் கேட்டார்கள், சொன்னேன். தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடிக் கும்பிட்டேன். உன்னைக் காப்பாற்று என்று கேட்கத்தான் வந்தேன். ஆனால் மூடிய கண்ணுக்குள் உடனே அந்த மண்டபத்து வாசல் வந்துவிட்டது. எனக்கு நடந்ததைச் சாமியிடம் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நான் எவ்வளவு செய்தேன், எனக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று. கண்ணைத் திறந்தபோது தட்டு என்னைக் கடந்து போய்விட்டிருந்தது. உனக்காக ஒரு வார்த்தை நான் கேட்கவே இல்லை. உன் வீட்டுக்காரரைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கிருந்து உன் வீடு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். பிரசாதப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாகூர் பஸ் ஏறினேன்.

மனைவி சொன்னபடிதான் போன் வந்தது. காலை முதல் பாடவேளை. கயல்தான் பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாங்க." பிறகு, யாரோ பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க, "பொறந்த வூட்டுக் கோடிப் பொடவ நீங்கதான் எட்த்துகினு வரணுமாம் மாமா" என்றாள்.

இனி எழுதப்போவதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. உன் தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். அதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். நடுவில் நீ, தலை நிறைய முடியோடு, கனகாம்பரத்தோடு. உன் முகத்தைப் பார்க்கவேண்டிய என் கண் உன்னைத் தாண்டிப்போய் என் முகத்தைத் தேடியது. இருந்தது. உனக்கு வலப்பக்கத்தில், மற்ற எல்லாரையும்விடப் பெரிதாக. உடன்பிறந்த தம்பி என்று கீழே போட்டு, என் பட்டத்தையும் விடாமல் போட்டிருந்தார்கள். ஒரு நொடி, அக்கா, ஒரே ஒரு நொடி, என் மனசு குளிர்ந்தது.

நீ செத்துக் கிடக்கும் வீட்டு வாசலில் நின்று நான் பட்ட முதல் உணர்ச்சி அதுதான். அழுகை அதற்குப் பிறகு வந்தது. என் கண்ணீரை நானே நம்பாமல் போனது அன்றைக்குத்தான்.

உள்ளே மாமாவின் அத்தை என்னைப் பார்த்ததும், "வந்துட்டான்பா, கோடி வந்துடுச்சு. அதுக்குத்தான் நிறுத்தி வச்சிருந்தோம்" என்றார். கட்டம் போட்ட பச்சைப் புடவை. உனக்குப் பச்சை பிடிக்கும் என்பது ஞாபகம் இருந்தது. பிரித்து உன்மேல் போர்த்தினேன். புடவைக்கு அடியில் நீ இருப்பதாகவே தெரியவில்லை, அவ்வளவு மெலிந்திருந்தாய். ஏழுமலையிடம் கொடுத்து அனுப்ப முடியாத வரிசை அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் அடியில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நன்றாக வயதாகிவிட்டது அவருக்கு. கை துண்டைத் திருகிக்கொண்டே இருந்தது.

"மச்சான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பேனர் மேட்டரு."

"இப்ப எதுக்கு மாமா அது?"

"இல்ல, சொல்லிடறேன். உங்க போட்டோவ வாங்கி வச்சிருந்தாளாம், பிரிண்டுக்குக் குடுக்கற அன்னிக்கு எட்த்துகினு போவ மறந்துட்டேன்னா. கூடப் பொறந்தவன் மூஞ்சி எப்படிடி மறக்கும்னு கேட்டேன். சபையில என் மானம் போச்சேன்னு நாலு நாள் அவகிட்ட பேசவே இல்ல."

"அவ இன்னா சொன்னா?"

"இன்னா சொல்லுவா? தப்புதான், வுடுன்னா. அந்த எடத்துல எங்க அண்ணன் போட்டோவப் போட்டுக்கலாம்னு பிரிண்டுக்காரன் சொன்னப்பக்கூட அவ ஒத்துக்கலியாம். வேற யாரும் வர வேணாம், மயிலப் போடுன்னாளாம். நான் உங்க வூட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கலாம்னு ரெண்டுவாட்டி வண்டிய எடுத்தேன் மச்சான். அவதான் சாவியப் புடுங்கிக்கினா. நீ போவாத, நீ போனா அவன் இன்னும் சுருங்கிடுவான். அவனே வருவான், வுடுன்னா."

நீ எதை மறைத்தாய் என்று அந்த இடத்தில் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு வந்திருந்தால் பேச்சு வளர்ந்திருக்கும், அந்தப் போன் வெளியே வந்திருக்கும், மாமா எதிரில் நான் சிறுத்துப் போயிருப்பேன். அது நடக்காமல் ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டாய். உன் வீட்டுக்காரர் கண்ணில் தம்பியை மறந்தவளாகவே இருந்துவிட்டுப் போனாய்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான் வேண்டாம் என்றேன் மாமா, அவள் மறக்கவில்லை. இவ்வளவுதான். வாய்வரைக்கும் வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகனும் இருந்தான்.

"போனது போவட்டும். விடுங்க மாமா" என்றேன்.

மாமா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "படிச்சவரு இல்ல? பெரிய மனுஷன். எதையும் மனசுல வச்சுக்கல பாரு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை மாமாவுக்குப் போன் போட எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் வந்து நிற்கும். ஆறிய புண்ணை ஏன் கிளறவேண்டும், நீயே மறைத்ததை நான் ஏன் உடைக்கவேண்டும், கயல் என்னைப் பற்றி என்ன நினைப்பாள். நான் படித்த படிப்பு இந்த மாதிரி நியாயங்களைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நன்றாக உதவுகிறது.

போன வாரம் கயல் பேசினாள். "அப்பா தெனம் காலைல அம்மா படத்துக்குப் பூ வெச்சுட்டுப் பேசறாரு மாமா. இன்னிக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? நீ தம்பி போட்டோவ மறந்தத நான் எப்பவோ வுட்டுட்டேன்டி, மனசுல வச்சுக்காதன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு."

எனக்கு அழுகை வரவில்லை, அக்கா. இந்தக் கடிதத்தில் அந்த உண்மையை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது, நீ ஏற்கெனவே அறிந்தவள். அறியாத மனிதர் ஒதியம்பட்டில் இருக்கிறார். நாளைக்குக் காலையும் உன் படத்துக்குப் பூ வைப்பார். நீ செய்யாத தப்புக்கு உன்னை மறுபடியும் மன்னிப்பார். நான் இங்கே, பாகூரில், பெரிய மனுஷனாக இருப்பேன்.